ஒன்றேகால் பவுண் சன்னம்: தட்டார் பக்கம், வாசகர் கேள்வி பதில்

இரண்டு மாதங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில், மூக்குத்தித் திருகாணி பற்றிய ஒரு பதிலுக்கு நடுவே, போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். ஒட்டாவாவில் நகை திருத்திக்கொண்டிருந்த காலத்தில் 1000 யார் தூர இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போவேன், அதற்கான ரவைகளை வீட்டின் கீழறையில் நானே செய்துகொள்வேன் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்து ஆசிரியர் சிரிக்கிறார். பொன்னுரசல் கேள்விகள் அடுத்த மாதம் வரட்டும். இந்த முறை துவக்கு மட்டும்.

கடையில் பெட்டி பெட்டியாக ரவை விற்கும் நாட்டில் இருந்துகொண்டு ஏன் வீட்டில் செய்தீர்கள்? மலிவு என்பதாலா?
(வெள்ளவத்தை வாசகர்)

மலிவு என்றுதான் எல்லாரும் மனைவியிடம் சொல்லுவோம். அச்சு, தராசு, அளவுக் கருவி என்று வாங்கிய பற்றுச்சீட்டுகளை என் மனைவி ஒருநாள் எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அந்தக் கதையை விடுங்கள்.

ஒரு ரவை என்பது நாலு பொருள். பித்தளைக் கோது, அதன் அடியில் பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் சன்னம். நான் சுட்டது .308 வின்செஸ்டர், 1952இல் வந்த அளவு. அதில் சன்னம் வினாடிக்கு ஏறக்குறைய 800 மீற்றர் வேகத்தில் குழலை விட்டுப் போகும். 1000 யார் என்றால் 914 மீற்றர். காலி முகத்திடலின் பச்சைத் தரை இன்று அரைக் கிலோமீற்றர் அளவுதான், அதைப்போல் இன்னொன்றை ஒட்டிப் போட்டால் வருவதற்குச் சற்றே குறைவு, அவ்வளவு தூரம். சன்னம் அங்கே போய்ச் சேர 1.7 வினாடி பிடிக்கும். அதற்குள் அது பத்து மீற்றர் விழுந்துவிடும். மூன்று மாடி உயரம்! அந்த விழுக்காட்டைக் கணக்கிட்டுத்தான் பார்வைக்குழாயைத் திருகி வைக்கிறோம்.

சரி, விழுவது ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக விழுந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பத்து மீற்றரோ பதினைந்து மீற்றரோ, திருகி வைத்துவிடலாம். ஆனால் ஒரு ரவைக்கும் அடுத்த ரவைக்கும் வினாடிக்கு 3 மீற்றர் வேகம் வித்தியாசப்பட்டால், அந்தத் தூரத்தில் சன்னம் எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் மேலே அல்லது கீழே போகும். பெட்டி ரவையில் வேகம் 15 மீற்றர் வரை முன்பின்னாக இருப்பதை என் வேகமானியில் பலமுறை பார்த்திருக்கிறேன். அது இலக்கில் நாற்பது சென்ரிமீற்றருக்கு மேல். நான் பிறகு சுட்ட எஃப்-கிளாஸ் என்ற போட்டிவகையின் அமெரிக்க இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10 அங்குலம், அதாவது 25 சென்ரிமீற்றர்தான். மூச்சைப் பிடித்து, விசையை மெல்ல இழுத்து, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் ரவை என்னைக் கவிழ்த்துவிடும்.

ஆகவே ரவை செய்வது வேகத்தைக் கூட்டவோ வலுவைக் கூட்டவோ இல்லை. இருபது ரவையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பலர் இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறார்கள், அங்கேயும்கூட.

எத்தனை கிரெய்ன் மருந்து போட வேண்டும்? இங்கே வீட்டில் செய்து பார்க்கலாமா ஐயா?
(கொட்டாஞ்சேனை, வயது 19)

முடியாது தம்பி. அளவு எழுத மாட்டேன், எனக்குத் தனிக் கடிதம் போட்டாலும் எழுத மாட்டேன்.

இங்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கையோ ரவையையோ மருந்தையோ தொடும் வேலையே வேண்டாம். சட்டத்தை விடு, அந்தக் கோதுக்குள் எழும் அழுத்தத்தை நினைத்துப் பார். .308க்கு வகுத்திருக்கும் மேலெல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 இறாத்தல். கார் ரயருக்குள் இருக்கும் காற்றைப்போல் ஏறக்குறைய 2000 மடங்கு. அது உன் கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது. மருந்தின் பெயர் மாறினால், பிரைமரின் வகை மாறினால், ஏன், கோதின் சுவர் சற்றுத் தடித்திருந்தால்கூட அழுத்தம் மாறும். அதனால்தான் அங்கே மருந்துக் கம்பனிகள் பரிசோதித்து அச்சிட்ட கையேடு இல்லாமல் யாரும் தொடங்குவதில்லை. அதிலும் சொன்ன உச்ச அளவுக்குப் போகாமல் கீழேயிருந்து மெல்ல மெல்ல ஏறுவார்கள்.

இன்னொன்று. 2011இல் நான் திரும்பி வரும்போது திறப்புக் கோர்வையில் ஒரு வெற்றுக் கோது தொங்கியது. சுட்ட கோது, பிரைமரில் ஓட்டை, உள்ளே ஒன்றுமில்லை, ஞாபகத்துக்கு வைத்திருந்தது. ஒரு விமான நிலையத்தில் அதை விளங்கப்படுத்த எனக்கு நாலு மணித்தியாலம் பிடித்தது. வழியனுப்ப வந்த என் தம்பி வெளியே நின்று, நான் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டான். கோது திரும்பி வரவில்லை.

கிரெய்ன் என்பது நம்முடைய குன்றிமணியா? பவுண் கணக்கில் சொல்லுங்கள், அப்போதுதான் எனக்கு விளங்கும்.
(செட்டியார் தெரு)

நம்ம ஆள்! செட்டியார் தெருவில் எங்கள் அப்பாவின் பட்டறையும் இருந்தது.

கிரெய்ன் என்பதும் தானிய மணியில் பிறந்த அளவுதான். 7000 கிரெய்ன் ஒரு இறாத்தல். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் வரும். விதைக்கு விதை மாறும், அதனால்தான் அப்பா ஒரே அளவான பத்துக் குன்றிமணியைப் பொறுக்கித் தனிச் சிமிழில் வைத்திருப்பார், பிள்ளைகள் தொடக் கூடாது. நம்முடைய பவுண் 8 கிராம், அதாவது 123 கிரெய்னும் கொஞ்சமும். நான் சுட்ட சன்னம் 155 கிரெய்ன். பால்மா என்ற நெடுந்தூரச் சுடும் போட்டிக்கு .308இல் வழக்கமாக எடுக்கும் நிறை அது. கணக்குப் பார்த்தால் 10 கிராமும் சொச்சமும், சரியாக ஒன்றேகால் பவுண். முதல்தடவை அதை உள்ளங்கையில் வைத்ததும் கை தானாகவே நிறை சொல்லிவிட்டது. பக்கத்தில் நின்றவருக்கு எப்படித் தெரியும் என்று அதிசயம்.

மருந்தை 0.1 கிரெய்ன் வரை நிறுக்க வேண்டும், அது ஆறரை மில்லிகிராம். அதில் பிசகினால் வேகம் வினாடிக்கு இரண்டு மீற்றர் அளவில் மாறும். நீங்கள் பட்டறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுப்பீர்களே, அதே கதை. ஒட்டாவாவில் மின்விசிறி இல்லை, சூடு வரும் துவாரம் இருந்தது. பனிக்காலத்தில் அது ஊதத் தொடங்கியதும் தராசில் எண் ஆடும். அத்தோடு அந்த வறண்ட குளிரில் எல்லாவற்றிலும் மின்னேற்றம். மருந்து மணிகள் துள்ளிப் புனலில் ஒட்டிக்கொள்ளும். கொழும்பில் உங்களுக்கு அந்தத் தொல்லை வராது, இங்கே எல்லாம் வியர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஆனால் நிறுப்பது பெரிய வித்தை இல்லை, நல்ல தராசு இருந்தால் யாரும் நிறுக்கலாம். கோதின் கழுத்துத்தான் வித்தை. ஒருமுறை சுட்ட கோது துவக்கின் அறை அளவுக்கு உப்பி வரும். அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கம்பியச்சில் கம்பி இழுப்பது மாதிரியே. இழுக்க இழுக்க உலோகம் இறுகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கோதின் பித்தளை எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு நாகம். நாலைந்து தடவை சுட்டதும் கழுத்து முறுக்கேறி, ஒன்று சன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், மற்றது தளர்வாகப் பிடிக்கும். பிடி மாறினால் வேகம் மாறும். பிறகு ஒருநாள் கழுத்து வெடிக்கும்.

அதற்கு வைத்தியம், நாம் வளையலுக்குச் செய்வதுதான்: சூடு காட்டி இளக்குவது. கழுத்தை மட்டும். அடிப்பக்கம் இளகினால் அந்த 62,000 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்காது, ஆகவே சூடு கீழே இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும். சுடுதளத்தில் என் பக்கத்துப் பாயில் படுத்துச் சுட்ட பொறியியலாளர் ஒருவர் வெப்பம் காட்டும் மை பூசி, வினாடி எண்ணி, அட்டவணை எழுதிச் செய்வார். நான் விளக்கை அணைத்துவிட்டு நிறத்தைப் பார்த்து எடுப்பேன். இருவர் கோதும் ஒன்றுபோல்தான் வந்தது. அவர் ஒருமுறை, இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். உமியோட்டுக்கு முன்னால் குந்தியிருந்து ஊதுகுழல் ஊதிய கதையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

பித்தளைக் கோதைப் புளி போட்டு மினுக்கலாமா? குத்துவிளக்கு மினுக்குவது போல?
(தெஹிவளை வாசகி)

இதற்குத்தான் அம்மா நான் காத்திருந்தேன். கேட்டவர் விளையாட்டாகக் கேட்டிருந்தாலும் கேள்வி மிகச் சரி.

அங்கே பலரும் சிற்றிக் அமிலம் கரைத்த நீரில்தான் கோதுகளைக் கழுவுகிறார்கள். தேசிக்காயில் இருப்பது அதுதான். புளியில் இருப்பது தாட்டாரிக் அமிலம், அதன் சொந்தக்காரன். என்னுடைய முதல் ஐம்பது கோதையும் ஒட்டாவாவின் தமிழ்க் கடைப் புளியில்தான் கழுவினேன். விளக்கு மாதிரி மினுங்கின. ஆனால் ஊறவிட்டுவிட்டுத் தொலைபேசியில் பேசப் போய்விடக் கூடாது. அதிக நேரம் ஊறினால் பித்தளையிலிருந்து நாகம் கரைந்து போய், தோல் செம்பு நிறமாக, இளஞ்சிவப்பாகத் தெரியும். கழுவியபின் நல்ல நீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.

செய்யவே கூடாத ஒன்று உண்டு. அமோனியா கலந்த பித்தளைப் பொலிஷ். அதற்கு ஒரு பழைய கதை. இந்தியாவில் இருந்த பிரித்தானியப் படை மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைக்குமாம். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் கோதுகளில் வெடிப்பு. அதுவும் சன்னத்தை நெரித்துப் பிடிக்கும் கழுத்தில். யாரும் சுடவில்லை, தட்டவில்லை, சும்மா இருந்த கோது வெடித்திருக்கிறது. பருவத்தோடு வருவதால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் 1921இல்தான் வெளிச்சமானது: குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, மழை ஈரம், கோதை இழுத்துச் செய்தபோது உலோகத்துக்குள் தங்கிப்போன முறுக்கு, மூன்றும் கூடிய வேலை. இளக்கிவிட்டால் முறுக்குப் போகும், முறுக்குப் போனால் வெடிப்பும் வராது.

உங்கள் குத்துவிளக்கு தடித்த வார்ப்பு, அது வேறு விடயம், பயப்படாதீர்கள்.

துவக்குக்காரர் பேச்சில் வரும் கிரீட்மோர் என்ற சொல் என்ன? ஊரா, ஆளா?
(வத்தளை)

ஊர். நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் இருந்த சுடுதளம். 1874இல் அங்கே அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 யார் தூரங்களில் மோதின. அயர்லாந்துக்காரர் வாயால் மருந்திடும் துவக்கு, அமெரிக்கர் பின்னால் ரவை போடும் துவக்கு. கடைசியில் அமெரிக்கர் வென்றார்கள், 934க்கு 931. மூன்றே புள்ளி. இதில் வேடிக்கை, அயர்லாந்துக்காரர் ஒருவர் அழகாக நடுவில் அடித்தார், பக்கத்து இலக்கில். அதற்குப் பூச்சியம். நானும் ஒருமுறை பக்கத்து இலக்கில் அடித்திருக்கிறேன். அதன் சொந்தக்காரர் எனக்கு நன்றி சொன்னார்.

2007இல் வந்த 6.5 கிரீட்மோர் ரவைக்கு அந்த ஊரின் பெயர்தான் வைத்தார்கள்.

பூமி சுற்றுவதால் சன்னம் விலகும் என்கிறார்களே, உண்மையா? கொழும்பிலும் விலகுமா?
(பம்பலப்பிட்டி, உயர்தர மாணவி)

உண்மை. நீங்கள் பௌதிகம் படிப்பவர், அதனால் கணக்கோடு சொல்கிறேன். பக்கவாட்டு விலகல் அகலக்கோட்டின் சைன் பெறுமானத்தோடு போகும். ஒட்டாவா 45 பாகை வடக்கு. அங்கே 1000 யாரில், 1.7 வினாடிப் பறப்பில், வலப்பக்கம் எட்டுச் சென்ரிமீற்றர். கொழும்பு ஏழு பாகைக்குச் சற்றே கீழே. இங்கே அதே சன்னம் ஒன்றரைச் சென்ரிமீற்றர்தான் விலகும். மறந்துவிடலாம்.

ஆனால் கிழக்கு மேற்குக்கு ஒரு விளைவு உண்டு, அது கொசைனோடு போவதால் பூமத்திய ரேகைக்குக் கிட்டக் கிட்டப் பெரிதாகும். காலி முகத்தில் நின்று கடலைப் பார்த்து, மேற்கே, ஒரு சன்னம் போவதாகக் கற்பனை செய்யுங்கள் (கற்பனை மட்டும்!). அது பதினொரு சென்ரிமீற்றர் கீழே விழும். திரும்பி நின்று கிழக்கே என்றால் பதினொன்று மேலே. ஒட்டாவாவில் இது எட்டுத்தான். ஆக, ஒரு விடயத்தில் நம்மூர் கடினம், மற்றதில் இலகு. எனக்கு இந்தக் கணக்கு ஏனோ மிகவும் பிடிக்கும். சூத்திரம் வேண்டுமென்றால்: பூமியின் சுழற்சி வேகம், தூரம், பறப்பு நேரம் மூன்றையும் பெருக்கி, ஒன்றுக்குச் சைனாலும் மற்றதுக்குக் கொசைனாலும் பெருக்குங்கள். சுழற்சி வேகம் வினாடிக்கு 0.0000729 ரேடியன். செய்து பார்த்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

சன்னத்தின் சுழற்சி பம்பரம் மாதிரியா?
(அதே வீட்டிலிருந்து, தம்பி போலிருக்கிறது)

பம்பரமேதான். குழலுக்குள் வெட்டிய புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றும் வேகம் வினாடிக்கு 2600 அடி என்றும் வைத்துக்கொண்டால், வினாடிக்கு 2600 சுற்று. உன்னுடைய பம்பரம் எத்தனை என்று எண்ணி எழுது.

கொழும்பின் இந்தப் புழுக்கத்தில், ஈரக் காற்று தடித்திருப்பதால் சன்னம் சீக்கிரம் விழுமா?
(மட்டக்குளி)

இல்லை, நேர்மாறு. நமக்குத்தான் புழுக்கத்தில் காற்றுத் தடிப்பாகத் தோன்றும். நீராவி மூலக்கூறு காற்றின் மூலக்கூறுகளை விடப் பாரம் குறைந்தது, ஆகவே ஈரக் காற்று ஒரு துளி மெலிந்ததுதான். சூடும் அப்படியே. நுவரெலியாவில் 6000 அடிக்கு மேலே காற்று இன்னும் மெலிவு, தடை குறைவு. ஈரம் கெடுப்பது மருந்தைத்தான். மூடியைத் திறந்து வைத்தால் மருந்து ஈரத்தை இழுத்து மெதுவாக எரியும், வறண்டால் வேகமாக எரியும். சூட்டுக்கும் மருந்துக்கும் ஒரு உறவு உண்டு: வெயிலில் கிடந்த ரவை சற்று வேகமாகப் போகும். சூட்டுக்கு அதிகம் அசையாத மருந்துகளும் இருக்கின்றன, அவற்றில் சில அவுஸ்திரேலியாவின் முல்வாலாவில் செய்யப்படுகின்றன.

இவ்வளவு கவனமாகச் செய்த ரவையால் எத்தனை பரிசு வாங்கினீர்கள்?
(வெள்ளவத்தை, வேறொருவர்)

ஒரு கரண்டி. வெள்ளியும் இல்லை, உரசிப் பார்த்தேன்.

காரணம் காற்று. மணிக்கு 16 கிலோமீற்றர் குறுக்குக் காற்று அந்தத் தூரத்தில் .308 சன்னத்தை இரண்டரை மீற்றர் தள்ளும். அதாவது காற்றை நான் மணிக்கு ஒன்றரைக் கிலோமீற்றர் பிழையாக மதிப்பிட்டாலே பத்துப் புள்ளி வட்டத்தின் முழு அகலம் போய்விட்டது. கீழறையில் இராத்திரி இரண்டு மணி வரை மருந்து மணிகளைச் சாமணத்தால் பொறுக்கிப் போட்டு நான் மிச்சம்பிடித்தது ஐந்து சென்ரிமீற்றர். காலையில் ஒரு கொடி படபடத்ததைக் கவனிக்காமல் விட்டு இழந்தது இருபத்தைந்து. ஒட்டாவாவுக்கு மேற்கே ஆற்றோரம் இருக்கும் கொனாட் சுடுதளத்தில் கொடிகள் வரிசையாக நிற்கும். முதல் கொடி இடப்பக்கம் பார்க்கும், மூன்றாவது தொங்கும், ஐந்தாவது வலப்பக்கம் பார்க்கும். எதை நம்புவது? பழைய சுடுநர்கள் கொடியை விடக் கானலைப் பார்த்தார்கள். பார்வைக்குழாயில் நிலத்துச் சூடு நீரோடை மாதிரி ஓடும், அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதில் காற்று தெரியும்.

காற்றுப் படிக்க இங்கே நல்ல பள்ளிக்கூடம் காலி முகத்திடல். கச்சான் வீசும் மாதங்களில் பட்டங்களைப் பாருங்கள். உயரத்தில் இருக்கும் பட்டம் ஒரு பக்கம் இழுக்கும், கீழே கச்சான் விற்பவரின் புகை இன்னொரு பக்கம் போகும். (வாய்க்கும் கச்சான், வாயுவுக்கும் கச்சான். நம் மொழி இப்படித்தான்.) 1000 யார் சன்னம் அந்த இரண்டு காற்றுக்கும் நடுவில்தான் போகிறது.

என் கண் மங்கத் தொடங்கியதும் எஃப்-கிளாஸுக்கு மாறினேன். பார்வைக்குழாயும் தாங்கியும் வைத்துச் சுடலாம். கண்ணும் தோளும் தளர்ந்தவர்கள் விளையாட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஜோர்ஜ் ஃபார்குஹர்சன் என்ற கனடாக்காரர் தொடங்கியது, எஃப் அவருடைய பெயர்தான்.

விபத்து ஒன்றும் நடக்கவில்லையா?
(கொலன்னாவை)

இரண்டு. இரண்டும் என் பிழை.

ஒருமுறை மேசையில் இரண்டு மருந்துப் புட்டிகள் இருந்தன. மிஞ்சியதைப் பிழையான புட்டியில் கொட்டிவிட்டேன். இரண்டும் சாம்பல் நிறம், பார்த்துப் பிரிக்க முடியாது. புட்டி முழுவதையும் தோட்டத்துப் புல்லில் தூவினேன், பணம் போனது. அதற்குப்பின் மேசையில் ஒரு புட்டிக்கு மேல் வைத்ததில்லை.

மற்றது பயங்கரம். தட்டில் வரிசையாகக் கோதுகளை நிறுத்தி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ மணி அடித்தார்கள். திரும்பி வந்து ஒரு கோதைத் தவறவிட்டேன். சுடுதளத்தில் விசையை இழுத்தேன், பெரிய சத்தத்துக்குப் பதில் ஒரு ‘டொக்’. பிரைமர் மட்டும் வெடித்துச் சன்னத்தைக் குழலுக்குள் தள்ளி அங்கேயே விட்டிருந்தது. நான் பழக்கத்தில் அடுத்த ரவைக்குக் கை நீட்ட, பக்கத்துப் பாயில் இருந்த அந்தப் பொறியியலாளர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அடுத்ததைச் சுட்டிருந்தால் அடைத்த குழல் என் முகத்தில் பிளந்திருக்கும். வீட்டு மணியை அடுத்த நாளே கழற்றினேன். ஊற்றி முடிந்ததும் ஒவ்வொரு கோதுக்குள்ளும் வெளிச்சம் பிடித்து எட்டிப் பார்ப்பதும் அன்று தொடங்கியதுதான்.

எங்கள் சனம் இவ்வளவு பட்டபிறகும் துவக்கைத் தொட உங்களுக்கு எப்படி மனம் வந்தது?
(பெயரும் இடமும் எழுதவில்லை)

இந்தக் கடிதத்தைக் கடைசியில் வைத்தது தட்டிக்கழிக்க இல்லை.

1983 யூலையில் எங்கள் பட்டறை எரிந்தது. அப்பாவின் குன்றிமணிச் சிமிழ் உட்பட. அடுத்த வருடம் நான் போனேன். 1996இல் வேலைத்தலத்து நண்பர் ஒருவர் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனபோது, முதல் சத்தம் கேட்டதும் காருக்குத் திரும்பி அரை மணித்தியாலம் இருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என்னை இலக்குக் குழிக்கு அனுப்பினார்கள். சுடுபவர் முறை மாறி மாறி, ஒரு மதிலுக்குக் கீழே இருக்கும் அந்தக் குழியில் நின்று, கடதாசி இலக்கை இறக்கி, ஓட்டைக்கு அடையாளம் குத்தி, மறுபடி ஏற்ற வேண்டும். அங்கே ஒவ்வொரு சூட்டுக்கும் இரண்டு சத்தம். முதலில் தலைக்கு மேலே சாட்டை அடித்தது போல ஒரு வெடிப்பு. சன்னம் ஒலியை முந்தி வருவதால் அதன் சத்தம் முதலில். பிறகுதான் தூரத்தில் துவக்கின் ‘டும்’. அந்த ஒழுங்கில் அந்தச் சத்தங்களை நான் முன்பே கேட்டிருந்தேன், எங்கே என்று எழுத மாட்டேன். அன்று அதே சத்தத்துக்குப் பிறகு கடதாசியில் ஒரு சிறு ஓட்டை மட்டும் இருந்தது. அதற்கு நான் வெள்ளைப் பொட்டு ஒட்டினேன். பின்னேரம் வரை ஒட்டினேன்.

மனம் வந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமையும் போனேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என் அக்கா கடைசிவரை இதைப் பற்றி என்னோடு பேசவில்லை. அவர் செய்தது பிழை என்றும் நான் நினைக்கவில்லை.

அந்தச் சாமான்கள் இப்போது எங்கே?
(செட்டியார் தெரு, மேலே கேட்டவரே)

அச்சும் துவக்கும் அங்கேயே விற்றாயிற்று, துவக்கு உரிய பத்திரங்களோடு. தராசை மட்டும் கொண்டுவந்தேன். மருமகள் அதில் தோட்டுக்குரிய கல் நிறுக்கிறாள். கிரெய்னில் காட்டுகிறது மாமா, இதைக் கிராமுக்கு மாற்ற முடியாதா என்று கேட்கிறாள். பொத்தான் பின்பக்கம் இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.